ஆபத்தின் கடைசித் தேதி

எங்காத்துக்காரர் வேதாந்தத்துக்கு ஹிந்தி தெரியும். நான் சொல்லலை, சர்க்கார் சொல்றது. தமிழ்நாட்லேர்ந்து வந்த குமாஸ்தாக்களுக்குன்னு ஆபீஸ்ல வைக்கற ஹிந்திப் பரீட்சையில எழுபத்தெட்டு மார்க் எடுத்து, சர்டிபிகேட்டும் ரொக்கப் பரிசும் வாங்கினவர். சர்டிபிகேட் ஹால்ல கண்ணாடிக்குள்ள தொங்கறது. பரிசுப் பணத்துல வாங்கின குக்கர் இன்னும் விசில் அடிக்கறது. அவரைவிட அந்தக் குக்கருக்கு ஹிந்தி நன்னா வரும்னு சொன்னா மட்டும் மனுஷருக்குக் கோபம் பொத்துண்டு வரும்.

பேசற ஹிந்தியில குறை சொல்ல முடியாது. 'பையா, ஜல்தி', 'அச்சா, டீக் ஹை', இதை வெச்சுண்டே டில்லியில நாப்பது வருஷத்தை ஓட்டிட்டார். படிக்கற ஹிந்தி வேற கதை. ஆபீஸ்ல எல்லாக் காகிதமும் ஒரு பக்கம் ஹிந்தி, மறுபக்கம் இங்கிலீஷ்னு வரும். இவர் எந்தப் பக்கத்தைப் படிச்சு சம்பளம் வாங்கினார்னு நான் வேற சொல்லணுமா?

மன்னார்குடியிலேர்ந்து இருபத்திரண்டு வயசுல வந்தவர். கோல் மார்க்கெட் பக்கத்துல நாலு பேரோட ஒரு ரூம், அப்புறம் லோதி ரோடு குவார்ட்டர்ஸ், முப்பத்தாறு வருஷம் ஒரே மினிஸ்ட்ரி. அங்க என்ன வேலை பார்த்தார்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலை. ஃபைல் வரும், அதுல ஒரு பாரா எழுதுவார், ஃபைல் போகும். அந்தப் பாராவுல 'நான்'ங்கற வார்த்தையே வராது. 'கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது', 'பரிசீலிக்கப்படலாம்', இப்படி உலகத்துல எல்லாமே ஆளில்லாம தானா நடக்கற மாதிரி எழுதுவார். ஆத்துலயும் அதே பாஷைதான். அடுப்பு முன்னாடி நின்னுண்டே பாலைப் பொங்க விட்டுட்டு, "பால் வழிஞ்சிருக்கு போலிருக்கே"ன்னு எனக்குத் தகவல் சொல்லுவார்.

இன்னொரு கெட்ட பழக்கமும் ஆபீஸ்லேர்ந்து கூடவே வந்தது. மூலக் காகிதத்தை யார் கையிலயும் குடுக்க மாட்டார். துளை போட்டு, டேக் கோத்து, ஃபைல்ல பூட்டிடுவார். அதுல என்ன இருக்குன்னு அவரா ஒரு சர்க்குலர் எழுதித்தான் மத்தவாளுக்கு அனுப்புவார். மத்தவா படிச்சா தப்பாப் புரிஞ்சுப்பாளாம். நல்ல வேளை, இவர் இருந்தார்.

ரிடையர் ஆனப்புறம் துவாரகாவுல 'பொன்னி குஞ்ச்'ங்கற சொஸைட்டிக்கு வந்தோம். தொண்ணூத்தாறு ஃபிளாட். ஆரம்பிச்சது நம்மவா, இப்போ பாதிக்குப் பாதி பஞ்சாபி, பிஹாரி எல்லாம் கலந்து இருக்கா. செக்ரெட்டரி வேலைக்கு வேற யாரும் வரமாட்டேன்னு ஓடினதால, இவர் ஏகமனதாத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆறு வருஷமா ஏகமனதுதான்.

என்னைப் பத்தியும் ஒரு வரி சொல்லிடறேன். நான் விஜயலக்ஷ்மி. ரெண்டு வருஷமா எனக்கு டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி, காலம்பற ஏழு மணி ஷிஃப்ட், நாலு மணி நேரம் மிஷினோட படுக்கை. ஆஸ்பத்திரி எங்க ரோட்டோட அந்தக் கோடியில இருக்கு, ஈ-ரிக்ஷாவுல பன்னெண்டு நிமிஷம். நான் லேட்டாப் போனா எனக்கு நேரம் குறையும், ஏன்னா பதினோரு மணிக்கு அடுத்த ஆள் கையை நீட்டிண்டு காத்திருப்பார். நேரம் குறைஞ்சா ரத்தத்துல அழுக்கு தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும். அவ்வளவுதான் விஷயம். என் உயிர் அந்த ரோட்டு மேல ஓடிண்டிருந்தது.

அந்த ரோட்டுக்குத்தான் விமோசனம் வந்தது. எங்க பக்கத்துக் காலி மனையில 'ஸ்வர்ண் சிகர்'னு ஒரு மால் எழும்ப ஆரம்பிச்சது. முன்னூறு கடை, ஆறு சினிமா தியேட்டர், ஆயிரத்தைந்நூறு கார் நிக்கற இடம். முப்பதடி ரோடு. ஆயிரத்தைந்நூறு காரும் வானத்துலேர்ந்து இறங்கும்னு நினைச்சுண்டானோ என்னமோ! கட்டும்போதே ஜல்லியும் மணலும் பாதி ரோட்டை முழுங்கிடுத்து. பன்னெண்டு நிமிஷம் முப்பதாச்சு, நாப்பதாச்சு. சீக்கிரம் கிளம்பினா மட்டும் என்ன, லாரி நடுவுல மறிச்சா மறிச்சதுதான். லாரிக்கு நடுவுல ஈ-ரிக்ஷாவுல உக்காந்துண்டு, மால் வாசல்ல வெச்சிருந்த 'உங்கள் வசதிக்காக'ங்கற போர்டை நான் மனப்பாடம் பண்ணிட்டேன்.

இவருக்கு அதைப் பார்த்து உற்சாகம் வந்துடுத்து. ஊர்ல ஒரு விதி இருக்காம். பெரிசாக் கட்டறவன், அதனால ரோட்டுல சேர்ற கூட்டத்துக்கும் பொறுப்பு. ரோட்டை அகலப்படுத்த, சிக்னல் வைக்க, நடைமேம்பாலம் போட ஆகற செலவை அவன்தான் கட்டணும். நியாயம்தானே? நம்மாத்துல நூறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டா இலை நாமதான் வாங்கணும், பக்கத்தாத்துக்காராளையா கேக்கறது?

ஆனா கூடவே ஒரு சந்து வெச்சிருக்கா. 'இருக்கற ரோடே போதும்'னு ஒரு வண்டிக் கணக்கெடுப்பு பண்ணி பில்டர் ரிப்போர்ட் குடுக்கலாம். அக்கம்பக்கத்துல இருக்கறவாளுக்கு நோட்டீஸ் போகும். குறிச்ச தேதிக்குள்ள யாரும் ஆட்சேபம் சொல்லலைன்னா ரிப்போர்ட் சரின்னு ஆயிடும், பில்டர் தம்பிடி கட்ட வேண்டாம்.

"வரட்டும் நோட்டீஸ். மால்காரனை உண்டு இல்லைன்னு பண்ணிடறேன்"னார் இவர். பதினோரு லெட்டர் எழுதினார், எல்லாம் இங்கிலீஷ்ல. ஆட்சேபத்தை நாலு நகல் தயாரா எழுதி வெச்சுண்டு, மாப்பிள்ளை அழைப்புக்குக் காத்திருக்கற மாதிரி நோட்டீஸுக்குக் காத்திருந்தார்.

ஜூன் மாசம் ஒரு காகிதம் வந்தது. இவரே கையெழுத்துப் போட்டு, சொஸைட்டி முத்திரை குத்தி வாங்கிண்டார். மேல கொட்டை எழுத்துல ஹிந்தி. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிண்டு, விரல் வெச்சுப் படிச்சார். 'ஆபத்தி ஏவம் சுஜாவ்.' முகம் மாறிடுத்து.

"என்னன்னா?"ன்னேன்.

"ஆபத்து, விஜி. பூகம்ப எச்சரிக்கை. வருஷா வருஷம் அனுப்புவாளே, அது. ஆனா இந்தத் தடவை தேதியே போட்டிருக்கான். 'ஆபத்தி தேனே கீ அந்திம் திதி, 18 ஜூலை, ஷாம் பாஞ்ச் பஜே தக்.' அதாவது, ஆபத்து வரக்கூடிய கடைசித் தேதி ஜூலை பதினெட்டு, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்."

"பூகம்பம் ஆபீஸ் நேரம் பார்த்தா வரும்?"

"சர்க்கார்கிட்ட கருவி இருக்கு. உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். 'சடக்'னு ரோட்டைப் பத்தி ஏதோ போட்டிருக்கேன்னு கேட்டேன். பூகம்பத்துல ரோடு பிளக்குமாம். பக்கத்து மனையோட நம்பர் எதுக்குன்னு கேட்டேன். உசரமான கட்டடம்தான் முதல்ல விழுமாம். எல்லாத்துக்கும் பதில் வெச்சிருந்தார். காகிதத்துல துளை போட்டு, 'பூகம்பம், தீ, இதர'ங்கற ஃபைல்ல கோத்துப் பூட்டினார். தொண்ணூத்தாறு ஃபிளாட்டுக்கும் இங்கிலீஷ்ல சர்க்குலர் போச்சு: ஜூலை பதினெட்டு, சாயங்காலம் நாலு மணிக்குப் பூகம்ப ஒத்திகை. எல்லாரும் வரணும்.

வந்தா, பாவம். தகிக்கற வெயில்ல புல்தரையில எல்லாரும் தலைமேல கையை வெச்சுண்டு உக்காந்தா. ஜாயின்ட் செக்ரெட்டரி ஜெயகிருஷ்ணன், ஏர்போர்ட்ல வேலை பார்க்கற பிள்ளை, லீவு போட்டுட்டு வந்து விசில் ஊதினான். 'காயம்பட்டவர்' ஒருத்தர் வேணும்னு தேடினா. கால் வீங்கி நாற்காலியில உக்காந்திருந்த நான் கண்ணுல பட்டேன். நாலு பேர் என்னை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிண்டு கேட்டு வரைக்கும் ஓடினா. சரியா நாலு நிமிஷம்னு இவர் வாட்சைப் பார்த்துச் சொன்னார், எல்லாரும் கை தட்டினா. கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரி ஹாரன் அடிச்சிண்டு நின்னுது. அதைத் தாண்டி ஒத்திகை இல்லை.

மணி அஞ்சு அடிச்சது. "ஆபத்து நீங்கித்து"ன்னு மைக்ல அறிவிச்சார். ஆளுக்கொரு சமோசா, ஒரு ஃப்ரூட்டி. தரை ஒரு இஞ்ச்கூட ஆடலை. இவர் முகத்துல கொஞ்சம் ஏமாத்தம்கூட இருந்தது.

ஆகஸ்ட் ஆச்சு, செப்டம்பர் ஆச்சு. நோட்டீஸைக் காணோம். "ஏன் அங்கிள், ஆட்சேபம் போட்டாச்சா?"ன்னு ஜெயகிருஷ்ணன் கேட்டான். "நோட்டீஸே இன்னும் வரலைப்பா. இந்த டிபார்ட்மென்ட்ல என்ன வேலை பார்க்கறானோ! நம்ம காலத்துல இப்படியா?"ன்னு அங்கலாய்ச்சிண்டே, அவனையும் இழுத்துண்டு அந்த ஆபீஸுக்கே போனார். அங்க நடந்ததை ஜெயகிருஷ்ணன் சொல்லித்தான் நான் கேட்டேன். சொல்றச்சே அவன் சிரிக்கலை, அவ்வளவு நல்ல பிள்ளை.

கவுண்டர்ல இருந்தவர் ஃபைலைப் புரட்டிட்டு, "ஆப்கி தரஃப் ஸே கோயி ஆபத்தி நஹீன் ஆயி"ன்னிருக்கார். உங்க பக்கத்துலேர்ந்து ஒரு ஆட்சேபமும் வரலை. இவர் கையைக் கூப்பி, "ஹாங் ஜி, பகவான் கீ க்ருபா. ஒண்ணும் வரலை. எங்க ஏற்பாடு அப்படி"ன்னு பெருமையா சொல்லியிருக்கார். அவர் முழிச்சிருக்கார். "அப்போ ஆபத்தி இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கார். "தாராளமா எழுதிக்கோங்கோ"ன்னு இவர் சொல்லிண்டிருக்கும்போதே ஜெயகிருஷ்ணன் இவர் கையைப் பிடிச்சு வெளியில இழுத்துண்டு வந்துட்டான்.

"அங்கிள், ஆபத்தின்னா அப்ஜெக்‌ஷன்."

"அப்ஜெக்‌ஷன்னா ஐத்ராஸ். அது எனக்குத் தெரியாதா?"

"அது பேசறச்சே அங்கிள். எழுதறச்சே ஆபத்தி."

ஆத்துக்கு வந்து நாற்காலியில உக்காந்துட்டார். பூகம்ப ஃபைலை நான்தான் எடுத்தேன். டேக்கை அவுத்தேன். காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் பூரா இங்கிலீஷ். 'ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் வரவேற்கப்படுகின்றன'ன்னு பச்சைக்குழந்தைக்குப் புரியற இங்கிலீஷ்ல போட்டிருந்தான். முப்பத்தாறு வருஷம் திருப்பித் திருப்பிப் பின்பக்கத்தையே படிச்ச மனுஷர், வாழ்க்கையில ஒரே ஒரு காகிதத்தைத் திருப்பலை. அதுவும் எந்தக் காகிதம் பாருங்கோ!

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன வேணாக் கத்தியிருப்பேன். கத்தினேன். "உங்க எழுபத்தெட்டு மார்க்கைக் கொண்டு போய்க் குப்பையில போடுங்கோ! ஒரு குழந்தைகிட்டக் காட்டியிருந்தாக்கூட படிச்சுச் சொல்லியிருக்குமே! என் உசிரோட விளையாடறேளே!"ன்னு கத்தினேன். அன்னிக்கு மிஷின்ல மூணு மணி அஞ்சு நிமிஷம்தான் கிடைச்சிருந்தது. கத்தக்கூட மூச்சு போறலை.

அவர் ராத்திரி சாப்பிடலை. மறுநாள் காலம்பற, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மூணு பக்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி எனக்குப் படிச்சுக் காட்டினார். 'தவிர்க்க இயலாத நிர்வாகச் சூழல்', 'பொருள்கோடலில் நேர்ந்துவிட்ட இடைவெளி', 'தவறுதலாகக் கோக்கப்பட்டுவிட்டது'. மூணு பக்கத்துல ஒரு மனுஷன்கூட இல்லை.

"யார் கோத்தா?"ன்னேன்.

"கோக்கப்பட்டுவிட்டது."

"யார் கோத்தா, சொல்லுங்கோ?"

பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுண்டு எழுந்து போயிட்டார்.

விண்ணப்பத்தை விசாரிக்க ஒரு செவ்வாய்க்கிழமை கூப்பிட்டா. எனக்கு மிஷின் இல்லாத நாள், அதனால நானும் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம், நாப்பது வயசு இருக்கும். இந்தப் பக்கம் மால்காராளோட வக்கீல், பக்கத்துல கணக்கெடுப்பு ரிப்போர்ட் எழுதின அர்ஜுன். குருகிராம் கம்பெனி, நம்ம ஊர்ப் பிள்ளைதான். தமிழ்ல கேட்டா புரியறது, பதில் மட்டும் இங்கிலீஷ்ல வரது.

"ஏன் குறிச்ச தேதிக்குள்ள ஆபத்தி குடுக்கலை?"ன்னு மேடம் ஹிந்தியில கேட்டா.

இவர் எழுந்து நின்னார். மூணு பக்கத்தையும் எடுத்தார், பார்த்தார். மறுபடி மடிச்சார்.

"மேடம், முஜே ஹிந்தி நஹீன் ஆதி"ன்னார். "ஆபத்தின்னா பூகம்பம்னு நினைச்சுட்டேன். மேரி கல்தி ஹை. வேற யார் மேலயும் தப்பில்லை. மேரி."

அந்த வாய்லேர்ந்து 'என் தப்பு'ங்கற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. தமிழ்லயும் இல்லை, இங்கிலீஷ்லயும் இல்லை. தெரியாத பாஷையில வந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, முந்தானையை வாயில வெச்சு அடைச்சுண்டேன்.

வக்கீல் எழுந்தார். "மத்திய சர்க்கார்ல ஆபீஸரா இருந்து ரிடையர் ஆனவர். ஹிந்தி தெரியாதுன்னா யார் நம்பறது? இவர்கிட்ட சர்டிபிகேட்டே இருக்கும்."

"இருக்கு சார்"ன்னார் இவர். "சர்டிபிகேட் இருக்கு. ஹிந்திதான் இல்லை."

மேடம் சிரிச்சுட்டா. அப்புறம் விண்ணப்பத்தோட இணைச்சிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பார்க்க ஆரம்பிச்சா. நான் மிஷின்ல இருந்த நேரம் அதுல இருக்கும். நாலு மணி, நாலு மணி, மூணே கால், மூணு அஞ்சு, ரெண்டு அம்பது. ஒவ்வொண்ணா புரட்டப் புரட்ட சிரிப்பு போயிடுத்து.

"இது யாரோடது?"

"மேரி வைஃப்"னு என்னைக் காட்டினார். பழகிண்டுட்டார்.

மேடம் பில்டர் ரிப்போர்ட்டை எடுத்து மேஜை மேல வெச்சா. 'காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ரோட்டில் சென்ற வாகனங்கள் பதினேழு. நெரிசல் இல்லை.' பதினேழு வண்டியா? நான் தினம் பார்க்கற ரோட்டுல, ஒரு மாடு நகர்றதுக்குள்ள பதினேழு வண்டி ஹாரன் அடிக்கும். எட்டிப் பார்த்தேன். ஓரத்துல தேதி போட்டிருந்தது. மார்ச் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை.

"மேடம்! அன்னிக்கு ஹோலி!"ன்னு கத்திட்டேன். "எனக்கு நன்னாத் தெரியும். அன்னிக்கும் மிஷின் உண்டு. ரோட்டுல ஈ காக்கா இல்லை, ஏழு நிமிஷத்துல ஆஸ்பத்திரி. என் புடவையில எவனோ பச்சைக் கலரை வேற ஊத்தினான், இன்னும் போகலை. ஹோலியன்னிக்குக் காலம்பற போய் வண்டி எண்ணியிருக்காளே, இவாளுக்கு மனசாட்சி இருக்கா?"

அர்ஜுன் தலையைக் குனிஞ்சுண்டான். "ஸாரி ஆன்ட்டி. அந்தத் தேதியிலதான் பண்ணணும்னு சொல்லிட்டாங்க"ன்னு தமிழ்லயே சொன்னான். வக்கீல் அவனை முறைச்ச முறையில, அவன் வேலை இன்னும் இருக்கோ இல்லையோ தெரியலை.

மேடம் ரெண்டாம் தடவை எண்ணச் சொன்னா. சாதாரணத் திங்கள்கிழமை, அதே நேரம். எவ்வளவுன்னு கேக்காதேங்கோ, எண்ணினவாளே பாதியில டீ குடிக்கப் போயிட்டாளாம், அந்த நெரிசல்ல திரும்பி வரவே அரை மணி ஆச்சாம். நவம்பர்ல உத்தரவு வந்தது. தாமதம் மன்னிக்கப்பட்டது. ரோடு அகலம், சிக்னல், நடைமேம்பாலம் மூணுக்கும் ஆகற செலவை பில்டர் கட்டணும்.

பொன்னி குஞ்ச்ல இவருக்கு மாலை போட்டா. ஜெயகிருஷ்ணன் தோள்ல தூக்காத குறை. ஹாலுக்கு வந்து உக்காந்து, உத்தரவை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை, எனக்கு உரக்கப் படிச்சுக் காட்டினார். கடைசிப் பாராவுல குரல் இறங்கிடுத்து.

"என்ன, நிறுத்திட்டேள்?"

"பணம் கட்டின தேதியிலேர்ந்து மூணு வருஷத்துக்குள்ள வேலையை முடிக்கணும்னு போட்டிருக்கான்."

மால் அடுத்த தீபாவளிக்குத் திறக்கறான். ரோடு அதுக்கு ரெண்டு மூணு தீபாவளி தள்ளி. முதல்ல ஆயிரத்தைந்நூறு கார், அப்புறம் அது போறதுக்கு வழி. சர்க்கார் கணக்கு எப்பவும் சரியாத்தான் இருக்கும். என் கணக்குதான் இடிக்கறது. எனக்கு எத்தனை வருஷம்னு டாக்டரைக் கேட்டா, அவர் ஃபேனைப் பார்த்துண்டு, உப்பைக் குறைக்கச் சொல்றார்.

எங்காத்துக்காரருக்கும் அந்தக் கணக்கு தெரியும். காகிதத்தைக் கையிலயே வெச்சுண்டிருந்தார், ஃபைலை எடுக்கலை.

"ரோடு வர வரைக்கும் நீ இருக்கணும், விஜி"ன்னார்.

நாப்பத்தோரு வருஷத்துல காப்பியைத் தவிர என்கிட்ட இவர் எதையும் கேட்டதில்லை. "இந்த ஊர்ல மூணு வருஷம்னா ஆறு வருஷம்னு அர்த்தம். டெண்டர்ம்பான், கோர்ட்டும்பான், எலெக்‌ஷன்பான். எட்டுகூட ஆகும்"னேன்.

"ஆகட்டுமே. எட்டுன்னா எட்டு, பத்துன்னா பத்து. அவன் எவ்வளவு வேணா இழுத்தடிக்கட்டும். நீ இரு."

அந்த ரோட்டை, மால் எழும்பின நாள்லேர்ந்து வாயில வந்தபடி சபிச்சிண்டிருக்கறவ நான். அது கொஞ்சம் லேட்டாவே வரட்டும்னு அன்னிக்குத்தான் மனசார வேண்டிண்டேன்.